கதை எங்க சார் போச்சு?

வணக்கம் சார், நீங்க சொன்னீங்கன்னு 'ஸ்டார்மி வெதர்' (1943) ஹாலிவுட் படம் பாத்தேன். ஒரு பாட்டு முடிஞ்சா அடுத்த பாட்டு, கதைன்னு ஒண்ணுமே இல்ல. ஹீரோவுக்கு ஹீரோயினோட தாத்தா வயசு. நடுவுல ஒரு குண்டு மனுஷன் வந்து பியானோ வாசிச்சுட்டு காணாமப் போயிடறார். நான் எதையாவது மிஸ் பண்ணிட்டேனா?

நண்பருக்கு,

ஒண்ணும் மிஸ் பண்ணல. கதை அதுல கொடிக்கயிறு மாதிரி, காயப்போட்ட துணிதான் விஷயம். வயசும் சரிதான், ஹீரோ பில் ராபின்சனுக்கு 65, ஹீரோயின் லீனா ஹார்னுக்கு 25, அந்த காதலை நானும் நம்பல.

ஆனா அந்த பாட்டு, டான்ஸ் அயிட்டங்கள் எங்கேர்ந்து வருதுன்னு பாருங்க. நியூயார்க்ல கறுப்பர்கள் வாழ்ந்த ஹார்லெம்ல காட்டன் கிளப்னு ஒண்ணு, ராத்திரி ராத்திரி ரெவ்யூ, அதாவது ஆட்டமும் பாட்டும் கலந்த ஷோ நடக்கும், மேடையில ஆடறது பாடறது பூரா கறுப்பர்கள், டேபிள்ல உக்காந்து பாக்கறது வெள்ளைக்காரங்க மட்டும். படத்தோட டைட்டில் பாட்டை 1933-ல எத்தல் வாட்டர்ஸ்ங்கற பாடகி முதல்ல பாடினது அங்கதான், அதே வருஷம் 16 வயசுல கோரஸ்ல ஆட சேர்ந்த பொண்ணுதான் லீனா ஹார்ன், பத்து வருஷம் கழிச்சு அந்தப் பாட்டையே கேமரா முன்னாடி பாடறாங்க. எம்ஜிஎம் ஸ்டுடியோ படங்கள்ல லீனாவோட பாட்டை கதையோட ஒட்டாம தனியா எடுப்பாங்க, எதுக்குன்னா கறுப்பர்களைத் திரையில பாக்கப் பிடிக்காத அமெரிக்க தென் மாநில தியேட்டர்கள்ல வெட்டி எடுத்துட வசதியா இருக்கும்னு. இந்தப் படத்துல நடிச்சவங்க எல்லாருமே கறுப்பர்கள், யாரை வெட்டறது?

குறையும் இருக்கு. வெள்ளைக்காரங்க கறுப்பர்களைக் கேலி பண்ண போட்ட வேஷத்தை, கறுப்பு காமெடியன்களே மூஞ்சில கரி பூசிட்டு போட்டு வர்ற சீனை என்னால பாக்க முடியல, ஓட்டிட்டேன்.

நீங்க அந்த மாடிப்படியைப் பத்தி எழுதாததுதான் எனக்கு ஆச்சரியம்! பேண்ட் லீடர் கேப் காலவே பாடி முடிச்சதும் டாப் டான்ஸ் ஆடற நிக்கலஸ் பிரதர்ஸ் ரெண்டு பேர் வருவாங்களே, ஆர்கெஸ்ட்ரா நடுவுல தாவி, பியானோ மேல ஏறி, கடைசில பெரிய படிக்கட்டுல ஒருத்தர் தலைக்கு மேல ஒருத்தர் தாண்டி ஒவ்வொரு படியிலும் காலை முழுசா விரிச்சு தொப்புன்னு உக்காந்து, கையை ஊணாம அப்படியே எந்திரிக்கறாங்க. தலையிலேர்ந்து கால் வரைக்கும் முழு உருவமும் ஃபிரேம்ல இருக்கு, டூப் போட்டு ஏமாத்த வழியே இல்ல. நான் இதை எத்தனை தடவை ரீவைண்ட் பண்ணேன்னு சொன்னா வீட்ல சிரிப்பாங்க.

அந்த குண்டு மனுஷன் பேரு ஃபேட்ஸ் வாலர், அவர் பாடறது அவரே மெட்டுப் போட்ட 'எயிண்ட் மிஸ்பிஹேவின்'. படம் ஜூலைல ரிலீஸ், டிசம்பர்ல ரயில்ல போயிட்டிருக்கறப்ப நிமோனியால செத்துட்டார், 39 வயசு. மறுபடி பாத்தீங்கன்னா அவர் விரலை விட்டுட்டு புருவத்தைப் பாருங்க, பாதி பாட்டு அங்கதான் நடக்குது.