கோபத்தை விடாதீர்கள், அதற்குச் சாட்சி தேடுங்கள்

கேள்வி: இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டரில் ‘பெண்களும் அதிகாரமும்’ என்று ஒரு தாள். ஆன்டிகனி, லேடி மேக்பெத், நோரா, கண்ணகி என்று வரிசையாகப் படித்தோம். அதிகாரத்தை எதிர்த்தாலும் சரி, கையில் எடுத்தாலும் சரி, கடைசியில் அவள் சாகிறாள், மனம் பேதலிக்கிறாள், இல்லாவிட்டால் வீட்டை விட்டுப் போகிறாள். படிக்கப் படிக்கக் கோபம்தான் வருகிறது. வகுப்பில் சொன்னால், “எதைப் படித்தாலும் உனக்கு இது ஒன்றுதான் தெரியுமா?” என்கிறார்கள். வீட்டில் அப்பா சொல்வதற்கெல்லாம் அம்மா தலையாட்டுவதைப் பார்த்தாலும் எரிச்சலாக இருக்கிறது. இந்தக் கோபத்தோடு கட்டுரை எழுதலாமா, ஒதுக்கி வைக்க வேண்டுமா?

பதில்: அன்புள்ள தோழிக்கு,

ஒதுக்கி வைக்க வேண்டாம். நீங்கள் கண்டது சரிதான். சோஃபக்ளீஸின் கிரேக்க நாடகத்தில் அரசனை எதிர்த்த ஆன்டிகனி தூக்குப் போட்டுக்கொள்கிறாள். ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகத்தில் லேடி மேக்பெத்தின் சாவு மேடையில்கூட நடப்பதில்லை. உள்ளேயிருந்து ஓர் அலறல், பிறகு ஒரு வரிச் செய்தி, அவ்வளவுதான். இந்த வசனங்களை எழுதியவர்கள் ஆண்கள். அந்தக் காலத்துக் கிரேக்க மேடையிலும் ஆங்கில மேடையிலும் அவற்றைப் பேசியவர்கள்கூட ஆண்களும் சிறுவர்களும்தான். ஆகவே உங்கள் சந்தேகம் நியாயமானது.

ஆனால் எல்லோரையும் முடிவை வைத்தே எடைபோடுகிறீர்கள். அங்கேதான் நான் மாறுபடுகிறேன். முடிவுக்கு முன்னால், எந்தக் காட்சியில் அதிகாரம் கை மாறுகிறது என்று தேடிப் பாருங்கள்.

லேடி மேக்பெத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மன்னனைக் கொல்லும் வரை கணவனைவிட ஒரு படி முன்னால் நிற்கிறாள். அவன் தயங்கினால் தள்ளுகிறாள். அவன் மறந்து எடுத்துவந்த கத்திகளை அவளே திரும்பக் கொண்டுபோய் வைக்கிறாள். சரி, ராணியான பிறகு? நண்பன் பாங்க்வோவைக் கொல்ல ஆள் ஏவியதை அவன் அவளிடம் சொல்வதே இல்லை. செல்லமாக அழைத்து, உனக்கு இது தெரியாமலே இருக்கட்டும், முடிந்தபின் பாராட்டினால் போதும் என்கிறான். இது மூன்றாம் அங்கம். அவள் தூக்கத்தில் நடப்பதோ ஐந்தாம் அங்கத்தில். பித்துப் பிடிப்பதற்கு வெகு முன்பே, கிரீடம் வந்த கையோடு, அவளை ஆலோசனையிலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்த நாடகத்தில் என்னை மிகவும் வலிக்கச் செய்வது அந்தச் செல்லச் சொல்தான்.

இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்து நோராவை வீட்டை விட்டுப் போனவள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கணவனின் சம்மதம் இல்லாமல் மனைவி கடன் வாங்க முடியாத காலம் அது. அவன் உயிரைக் காப்பாற்றத் தன் அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டுக் கடன் வாங்குகிறாள். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்தும், ராத்திரி கண்விழித்துப் பிரதி எடுத்துக் கொடுத்தும் அடைக்கிறாள். அப்படி உட்கார்ந்து சம்பாதித்தது கிட்டத்தட்ட ஆணாக இருப்பதுபோல இருந்தது என்று தோழியிடம் சொல்கிறாள். அந்த வரிக்குக் கீழே கோடு போட்டுவையுங்கள். அவளிடம் திறமை இருந்தது, பணமும் வந்தது. மறைத்து மட்டும்தான் வைத்திருக்க முடிந்தது.

அந்த முடிவுக்கே ஒரு கதை உண்டு. நாடகம் வந்தது 1879-இல். அடுத்த ஆண்டே ஜெர்மனியில் நோராவாக நடிக்கவிருந்த நடிகை, பிள்ளைகளை விட்டுப் போகும் தாயாக நடிக்க மறுத்தார். வேறு யாராவது கைவைத்துக் கெடுப்பதைவிடத் தானே செய்வது மேல் என்று இப்சன் மாற்று முடிவு எழுதிக் கொடுத்தார். அதில் நோரா தூங்கும் குழந்தைகளைப் பார்த்துப் போக முடியாமல் சரிந்துவிடுகிறாள். அதைக் காட்டுமிராண்டித்தனம் என்று அவரே சொன்னார். ஒரு பெண் கதவைச் சாத்திக்கொண்டு போவதைத் தாங்க முடியாமல் முடிவையே மாற்றச் சொன்னார்கள் என்றால், அந்த முடிவைத் தோல்விக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது?

கட்டுரைக்கு வருவோம். கண்ணகி அவையில் “தேரா மன்னா” என்றுதான் தொடங்குகிறாள். ஆராய்ந்து பார்க்காத அரசனே என்று முகத்துக்கு நேராகச் சொல்கிற கோபம் அது. ஆனால் கோபத்தை மட்டும் அவள் நம்பவில்லை. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசன் தன் தேவியின் சிலம்பில் முத்து என்கிறான். உடைத்ததும் மாணிக்கம் தெறிக்கிறது, வழக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. உங்கள் கட்டுரையும் அப்படி இருக்கட்டும். “இது ஆணாதிக்கச் சமூகம்” என்று முதல் வரியில் எழுதினால் திருத்துபவர் தலையசைத்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார். பணம் யாரிடம், கையெழுத்து யாருடையது, எந்தச் செய்தி யாரிடம் மறைக்கப்பட்டது என்று காட்சியைக் காட்டி எழுதுங்கள். “உனக்கு இது ஒன்றுதான் தெரியுமா” என்பவர்களுக்கும் அப்போது அந்த வரியைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும்.

அப்புறம் அம்மா. உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி இருப்பது ஒரே ஒரு வரி, அதில் அவர் தலையாட்டுகிறார். நோராவையும் முதல் அங்கத்தோடு மூடி வைத்திருந்தால், இனிப்பை ஒளித்துத் தின்று கணவனிடம் கொஞ்சிக் காசு வாங்கும் பெண்ணாகத்தான் தெரிந்திருப்பாள். அம்மாவிடம் பாடம் நடத்தாமல் கேளுங்கள். இந்த வீட்டில் யாருக்கும் தெரியாமல் நீ எடுத்த முடிவு ஏதாவது உண்டா, வேண்டாம் என்று சொல்ல நினைத்து விழுங்கியது என்ன என்று கேளுங்கள். முதல் நாள் சிரித்து மழுப்பிவிடலாம். இன்னொரு நாள், இருவரும் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, மறுபடி கேளுங்கள்.