ஒட்டிச் சேர்த்துச் செய்யும் ராணுவ டாங்க் மாடல் கிட்டில் இருக்கும் பாகங்களை எப்படி அடையாளம் காண்பது?

பாகங்கள் ‘ஸ்ப்ரூ’ எனும் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டியபடியே வரும். உருக்கிய பிளாஸ்டிக் அச்சுக்குள் பாய்ந்த வழிதான் இறுகி அந்தச் சட்டமாகிறது. சட்டத்துக்கு ஓர் எழுத்து, பாகத்தின் அருகே ஓர் எண். அடுக்குமாடியில் பிளாக்கும் கதவு எண்ணும் பார்த்து வீடு தேடுவது மாதிரிதான்: பி12 என்றால் ‘பி’ சட்டத்தில் 12.

அதனால் ஒட்டும் நேரம் வரும்வரை எதையும் வெட்டாதீர்கள். வெட்டினால் முகவரி போய்விடும். 1/35 அளவில் (அசலில் 35-ல் ஒரு பங்கு) தூக்குக் கொக்கி, கருவிப் பிடிப்பான் எல்லாம் மிகச் சிறியவை. இடது, வலது பக்கப் பாகங்களும் அச்சு அசலாக ஒன்றுபோலத் தெரியும். இங்கேதான் நிதானம் வேண்டும்.

சரி, கடைசியில் பாகங்கள் மிஞ்சினால்? எதையோ ஒட்டாமல் விட்டுவிட்டோம் என்று பலர் பதறுகிறார்கள். ஒரே சட்டத்தைப் பல வகை டாங்க் கிட்டுகளுக்கும் பயன்படுத்துவதால் சில மிஞ்சுவது இயல்பு. வழிமுறைத் தாளில் பெரும்பாலும் அவற்றை நிழலிட்டுக் காட்டியிருப்பார்கள்.