டூம், குவேக்: பழைய குறுந்தகட்டிலிருந்து புதிய கணினிக்கு

கேள்வி: 1990களில் வாங்கிய அல்டிமேட் டூம், குவேக் ஆகிய இரண்டு கணினி விளையாட்டுகளின் அசல் குறுந்தகடுகளும் என்னிடம் இருக்கின்றன. விண்டோஸ் 11 கணினியில் இரண்டுமே திறக்கவில்லை. நண்பர் சொன்னபடி ஜிஇசட்டூம், குவேக்ஸ்பாஸ்ம் என்னும் மென்பொருள்களை நிறுவி ஓடவைத்தேன். ஆனால் டூம் அன்று பார்த்த விளையாட்டாகத் தெரியவில்லை. சுவர்கள் மெழுகியதுபோல் இருக்கின்றன, பயமே வரவில்லை, இருபது நிமிடத்தில் தலை சுற்றுகிறது. குவேக்கில் இசையே கேட்கவில்லை. என் நினைவு பிழையா, அல்லது எங்காவது தவறு செய்கிறேனா?

பதில்: உங்கள் நினைவு சரியானதே. நீங்கள் சொல்லும் ஒவ்வொரு குறைக்கும் தெளிவான காரணம் இருக்கிறது, ஒவ்வொன்றையும் சரிசெய்யவும் முடியும்.

குறுந்தகட்டிலுள்ள டூம் இரண்டு பகுதிகளால் ஆனது. ஒன்று, டாஸ் இயங்குதளத்துக்காக எழுதப்பட்ட நிரல். 64 பிட் விண்டோஸ் டாஸ் நிரல்களை ஏற்பதில்லை என்பதால்தான் அது திறக்கவில்லை. மற்றொன்று, விளையாட்டின் கட்டங்கள், படங்கள், ஒலிகள் அனைத்தும் அடங்கிய, சுமார் 12 மெகாபைட் அளவுள்ள 'டூம்.வாட்' என்னும் ஒரே கோப்பு. இந்தக் கோப்பு இன்றும் அப்படியே பயன்படும். டூமை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் அதன் மூல நிரலை 1997 டிசம்பரில் வெளியிட்டது. பின்னர் அது கட்டற்ற உரிமத்தின்கீழ் வந்தது. அதை அடிப்படையாக வைத்து ஆர்வலர்கள் உருவாக்கிய புதிய நிரல்களையே சோர்ஸ் போர்ட் என்கிறோம். நிரல் இலவசம், வாட் கோப்பு இன்றும் விற்பனைப் பொருள். நீங்கள் அதை விலை கொடுத்து வாங்கியிருப்பதால் குறுந்தகட்டிலிருந்து நகலெடுத்து சோர்ஸ் போர்ட்டின் கோப்புறையில் வைத்தாலே போதும்.

எந்த சோர்ஸ் போர்ட் என்பதுதான் அடுத்த கேள்வி, உங்கள் ஏமாற்றத்துக்கும் இதுவே காரணம். ஜிஇசட்டூம் மிகச் சிறந்த மென்பொருள், ஆனால் அதன் நோக்கம் டூமின் எல்லைகளை விரிப்பது. நீங்கள் தேடுவது 1990களின் அனுபவம் என்பதால் சாக்லேட் டூம் என்பதைப் பரிந்துரைக்கிறேன். 320க்கு 200 பிக்சல் என்ற பழைய திரைத் துல்லியம், நொடிக்கு 35 படங்கள், பழைய வழுக்கள் எல்லாவற்றையும் அது அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறது. அது கண்ணுக்கு மிகவும் கரடுமுரடாகத் தோன்றினால் அதே குடும்பத்தைச் சேர்ந்த கிரிஸ்பி டூம் இருக்கிறது. அது துல்லியத்தை இரட்டிப்பாக்கி, படங்களின் ஓட்டத்தையும் சீராக்குகிறது, குணத்தை மாற்றுவதில்லை.

பயம் ஏன் வரவில்லை என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் டூமின் உயிர் அதன் இருட்டில் இருக்கிறது. மொத்தம் 256 வண்ணங்களே கொண்ட அந்த விளையாட்டில், தொலைவு கூடக்கூட ஒவ்வொரு வண்ணமும் அதைவிட மங்கலான இன்னொன்றாக மாறுவதற்கு 32 படிகள் கொண்ட அட்டவணை ஒன்று வாட் கோப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு அறைக்கும் தனி ஒளி அளவும் உண்டு. இவ்விரண்டும் சேர்ந்துதான் கூடத்தின் கோடியில் நிற்கும் உருவத்தை முழுவதும் காட்டாமலும் முழுவதும் மறைக்காமலும் வைத்திருக்கின்றன. முதல் அத்தியாயத்தின் இரண்டாம் கட்டத்தில், விளக்குகள் விட்டுவிட்டு எரியும் அந்த இருண்ட சந்துகளை நினைத்துப் பாருங்கள். அங்கே கண்ணுக்குத் தெரியும் ஒரு நொடியும் தெரியாத மறு நொடியும் சமமான வேலையைச் செய்கின்றன. வரைகலை அட்டையின் வழியாக வரையும் சோர்ஸ் போர்ட்டுகள் இந்தப் படிக்கட்டு இருட்டை வழுவழுப்பான சாயலாக மாற்றிவிடக்கூடும். சுவர்ப் படங்களின் பிக்சல்களைக் கலந்து மென்மையாக்கும் வடிகட்டியும் இயங்கினால், நீங்கள் சொன்ன மெழுகிய தோற்றம் வந்துவிடுகிறது. ஜிஇசட்டூமையே தொடர விரும்பினால், காட்சி அமைப்பில் அந்த வடிகட்டியை நிறுத்திவிட்டு, பழைய டூமைப் போல வரையும் முறையைத் தேர்ந்தெடுங்கள்.

உருவங்களின் உயரத்தையும் கவனியுங்கள். 320க்கு 200 படம் அன்று 4க்கு 3 விகிதத் திரையை முழுவதும் நிரப்பியதால், ஒவ்வொரு பிக்சலும் அகலத்தைவிட 20 விழுக்காடு உயரமாகத் தெரிந்தது. ஓவியர்களும் அதைக் கணக்கில் வைத்தே வரைந்தார்கள். விகிதத் திருத்தம் இல்லாமல் ஓடவிட்டால் அரக்கர்கள் எல்லோரும் குள்ளமாகவும் பருமனாகவும் நிற்பார்கள். அமைப்புகளில் இந்தத் திருத்தம் இயங்குகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. இசைக்கு, அன்று உங்களிடம் சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டை இருந்திருந்தால், அதன் இசைச் சில்லைப் போல ஒலிக்கும் ஓபிஎல் என்னும் வகையைத் தேர்ந்தெடுங்கள்; முதல் கட்டத்தின் முதல் சுரத்திலேயே வேறுபாடு தெரியும்.

சாக்லேட் டூமுக்கு மாறும்போது சுட்டி உங்களைத் திகைக்க வைக்கலாம். சுட்டியை முன்னே தள்ளினால் பார்வை மேலே போகாது, நீங்களே முன்னோக்கி நடப்பீர்கள். 1993இன் வழக்கம் அது. அமைப்பு நிரலில் சுட்டியின் செங்குத்து அசைவை நிறுத்தும் வசதி உண்டு, அதை நிறுத்திவிடுங்கள். மேலே பார்க்க முடியாதது குறையாகத் தோன்ற வேண்டாம்: மாடத்தில் நிற்கும் எதிரிக்கு நேராகத் திரும்பிச் சுட்டால், உயரத்தை நிரலே சரிசெய்துகொள்ளும். குறி பார்ப்பதைவிட எங்கே நிற்பது என்பதே டூமில் முக்கியம்.

தலைசுற்றலுக்குக் காரணம், கண் 'நகர்கிறோம்' என்று சொல்ல, உள்காது 'அசையவில்லை' என்று சொல்வது. டூமின் ஓட்ட வேகம் மிக அதிகம் என்பதால் இந்த முரண் விரைவில் மிகுந்துவிடுகிறது. இந்த ஓர் இடத்தில் மட்டும் பழைமையைக் கைவிடச் சொல்கிறேன்: நொடிக்கு 35 படங்கள் என்ற வரம்பு உங்களை வாட்டினால், கிரிஸ்பி டூமில் அந்த வரம்பை நீக்கிவிடுங்கள். நடக்கும்போது ஏற்படும் ஆட்டத்தையும் அதிலேயே குறைக்கலாம். திரையிலிருந்து சற்றுத் தள்ளி அமருங்கள், அறை விளக்கை எரிய விடுங்கள். பயம் கொஞ்சம் குறையும், ஆனால் ஒரு கட்டத்தை முடிக்க முடியும். முதல் அறிகுறி தெரிந்தவுடன் நிறுத்துவது மிக முக்கியம். பொறுத்துக்கொண்டு தொடர்ந்தால் பழகிவிடும் என்று எண்ணுவோர் பலர். அது பெரும்பாலும் நிலைமையை மோசமாக்கவே செய்கிறது. குவேக்கில் பக்கவாட்டில் நகரும்போது பார்வை 2 டிகிரி வரை சாய்கிறது, நடக்கும்போது மேலும் கீழும் ஆடுகிறது. இரண்டையும், கட்டளைகளைத் தட்டச்சிடும் கன்சோல் என்னும் பகுதியில் சுழியமாக்கிவிடலாம்.

குவேக்கின் இசை காணாமல் போனதற்கான காரணம் எளிமையானது. 1996இல் வெளிவந்த அந்தக் குறுந்தகட்டில் முதல் தடம் மட்டுமே கணினித் தரவு. 2 முதல் 11 வரையிலான தடங்கள், நைன் இன்ச் நெய்ல்ஸ் குழுவின் ட்ரென்ட் ரெஸ்னர் உருவாக்கிய இசை, சாதாரண இசைத்தட்டைப் போலவே பதிவாகியுள்ளன. கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் அவை வந்து சேராது. இசைத்தட்டுகளை நகலெடுக்கும் ஏதாவது ஒரு மென்பொருளால் அந்தப் பத்துத் தடங்களையும் ஓஜிஜி என்னும் ஒலிக்கோப்பு வடிவில் எடுத்து, ட்ராக்02 முதல் ட்ராக்11 வரை ஆங்கிலத்தில் பெயரிட்டு, குவேக்கின் ஐடி1 கோப்புறைக்குள் மியூசிக் என்னும் கோப்புறையை உருவாக்கி அதில் வையுங்கள்; குவேக்ஸ்பாஸ்ம் தானாகவே எடுத்துக்கொள்ளும். குறுந்தகடு கீறலால் கெட்டிருந்தால், 2021இல் வெளிவந்த மறுபதிப்பை வாங்குங்கள், அதில் இசையும் சேர்ந்தே வருகிறது. ஒலி அளவை மட்டும் அவசரப்பட்டு உயர்த்திவிடாதீர்கள். ரெஸ்னர் தந்தது பெரும்பாலும் மெட்டு அல்ல, சுவருக்குப் பின்னால் ஏதோ உறுமுவது போன்ற தாழ்ந்த ரீங்காரம். கட்டம் தொடங்கிச் சில நொடிகள் எதுவும் கேட்காததுபோல் இருந்தாலும் அது அங்கேதான் ஒலித்துக்கொண்டிருக்கும்.