அப்கிரேடு முடிந்தது, ஃபைல் மேனேஜர் மட்டும் திறக்க நேரமெடுக்கிறது: கேள்வி பதில்

லினக்ஸில் ஃபைல் மேனேஜர் தாமதம் பற்றிக் கேட்பவர்கள் மூன்று விவரங்களைக் கட்டாயம் சொல்லுங்கள். எந்த டெஸ்க்டாப், எத்தனை வினாடி தாமதம், முதல் தடவை மட்டுமா ஒவ்வொரு தடவையுமா. அந்த வினாடிக் கணக்கிலேயே பாதி விடை இருக்கிறது. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.

கேள்வி: வணக்கம் அண்ணா. உபுண்டு 22.04-லிருந்து 24.04-க்கு மாறினேன். நான் பயன்படுத்துவது ஐ3 (எளிய சாளர மேலாளர்). அதே கணினியில் க்னோம் டெஸ்க்டாப்பும் இருக்கிறது, தங்கை அதில்தான் வேலை செய்வாள். ஐ3-இல் நாட்டிலஸை (க்னோமின் ஃபைல் மேனேஜர்) திறந்தால் அரை நிமிடம் போல எதுவும் நடப்பதில்லை. ஒருமுறை திறந்துவிட்டால் அப்புறம் பிரச்சினை இல்லை. 22.04-இல் இந்தத் தொல்லையே கிடையாது.

பதில்: தம்பி, அந்த அரை நிமிடத்தைக் கைபேசி ஸ்டாப்வாட்சில் அளந்து பாருங்கள். 25 வினாடியை ஒட்டி வந்தால் அது டி-பஸ் (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) காத்திருப்பு. ஒரு நிரல் இன்னொரு சேவையிடம் ஏதாவது கேட்டுப் பதில் வராவிட்டால், இயல்பாக 25 வினாடி பொறுத்துவிட்டுத்தான் கைவிடும். அந்த நேரத்தில் சிபியு சும்மா கிடக்கும். இன்னொரு டெர்மினலில் 'டாப்' ஓடவிட்டால் கண்ணால் பார்க்கலாம்.

22.04-இல் இருந்த நாட்டிலஸ் 42, ஜிடிகே 3-இல் (சாளரம், பொத்தான்களை வரையும் நூலகம்) ஓடியது. 2022 செப்டம்பரில் வந்த 43-ஆம் பதிப்பு ஜிடிகே 4-க்கும் அதன்மேல் அமைந்த லிப்அட்வைட்டாவுக்கும் மாறியது. 24.04-இல் உங்களுக்குக் கிடைப்பது 46. லிப்அட்வைட்டா நிரல்கள் சாளரத்தை வரைவதற்கு முன்பே, இருண்ட நிறமா வெளிர் நிறமா என்று எக்ஸ்டிஜி-டெஸ்க்டாப்-போர்ட்டல் (நிரல்களுக்கும் டெஸ்க்டாப்புக்கும் இடையிலான தூது) சேவையிடம் கேட்கும். அது க்னோமுக்கான போர்ட்டலை எழுப்பப் பார்க்கும். ஐ3-இல் க்னோம் ஷெல் இல்லை, அதனால் அது எழாது. ஜிடிகே போர்ட்டலை எழுப்பினாலும், எந்தத் திரையில் வரைவது என்று சொல்லும் 'டிஸ்பிளே' என்ற சூழல் மாறி, சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்குப் போய்ச் சேராததால் அதுவும் விழுந்துவிடும்.

முதலில் உறுதி செய்யுங்கள். 'ஜர்னல்சிடிஎல் --யூசர் -எஃப்' என்று ஒரு டெர்மினலில் ஓடவிட்டு, லாகின் செய்த பிறகு முதல் தடவையாக நாட்டிலஸைத் திறங்கள். போர்ட்டல் பெயரோடு 'டைம்டு அவுட்' அல்லது 'ஃபெயில்டு' என்று ஒரு வரி விழுந்தால் இதுதான் காரணம்.

சரி செய்ய இரண்டு வேலை. ஒன்று, ஐ3 கான்ஃபிக் கோப்பில் எல்லாவற்றுக்கும் மேலே 'எக்ஸெக் டிபஸ்-அப்டேட்-ஆக்டிவேஷன்-என்விரான்மென்ட் --சிஸ்டம்டி' என்று எழுதி, அதே வரியில் 'டிஸ்பிளே', 'எக்ஸ்ஆத்தாரிட்டி', 'எக்ஸ்டிஜி_கரன்ட்_டெஸ்க்டாப்' ஆகிய மூன்று மாறிகளையும் பெரிய எழுத்தில் சேருங்கள். இரண்டு, எக்ஸ்டிஜி-டெஸ்க்டாப்-போர்ட்டல்-ஜிடிகே பொதியை நிறுவிவிட்டு, ஹோமுக்குள் '.கான்ஃபிக்/எக்ஸ்டிஜி-டெஸ்க்டாப்-போர்ட்டல்' ஃபோல்டரில் 'ஐ3-போர்ட்டல்ஸ்.கான்ஃப்' என்ற கோப்பை உருவாக்குங்கள். அதில் இரண்டே வரி: சதுர அடைப்புக்குள் 'ப்ரிஃபர்டு', அடுத்த வரியில் 'டிஃபால்ட்=ஜிடிகே'. போர்ட்டல் 1.18-இலிருந்து இந்தக் கோப்பு முறை உண்டு, 24.04-இல் அந்தப் பதிப்புதான் இருக்கிறது. பெயரின் முன்னால் 'ஐ3' என்று இருப்பதால் தங்கையின் க்னோம் லாகினை இது தொடாது. க்னோம் போர்ட்டலையே நீக்கிவிடச் சொல்லி நிறையப் பேர் யோசனை தருவார்கள். உங்கள் வீட்டில் அதைச் செய்யாதீர்கள், அவருடைய ஸ்கிரீன் ஷேரிங் போய்விடும்.

கேள்வி: ஆர்ச் லினக்ஸ், எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப். பூட் ஆனதும் துனாரை (அதன் ஃபைல் மேனேஜர்) முதல் தடவை திறக்க 20 வினாடிக்கு மேல் ஆகிறது. முன்பு ஏதோ ஒரு மவுன்ட் கோப்பைத் திருத்திச் சரி செய்திருந்தேன். இப்போது அப்டேட் ஆனதும் பழையபடி ஆகிவிட்டது.

பதில்: நீங்கள் திருத்தியது, நெட்வொர்க் ஃபோல்டர்களை ஃபைல் மேனேஜரோடு இணைத்துத் தரும் ஜிவிஎஃப்எஸ் பொதியின் 'நெட்வொர்க்.மவுன்ட்' கோப்பு. இடம்: '/யூஎஸ்ஆர்/ஷேர்/ஜிவிஎஃப்எஸ்/மவுன்ட்ஸ்'. அதில் 'ஆட்டோமவுன்ட்=ட்ரூ' என்பதை 'ஃபால்ஸ்' ஆக்கினால் துனார் திறக்கும்போது அக்கம்பக்கத்துக் கணினிகளைத் தேடுகிற வேலை நடக்காது. ஜிவிஎஃப்எஸ் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் அந்தக் கோப்பு பொதியில் உள்ளபடி திரும்ப எழுதப்படும். யூஎஸ்ஆருக்குள் கை வைத்தால் எந்தத் திருத்தத்துக்கும் இதே கதிதான்.

நிலைக்க வேண்டுமென்றால் பேக்மேனின் (ஆர்ச்சின் பொதி நிறுவி) அமைப்புக் கோப்பான பேக்மேன்.கான்ஃபில் 'ஆப்ஷன்ஸ்' பகுதிக்குக் கீழே 'நோஅப்கிரேடு =' என்று போட்டு அந்தக் கோப்பின் முழுப் பாதையைக் கொடுங்கள். பாதையின் தொடக்கத்தில் சாய்கோடு கூடாது. சாய்கோடு போட்டால் பேக்மேன் எந்தப் பிழையும் சொல்லாமல் அந்த வரியைப் பொருட்படுத்தாது, கோப்பும் மறுபடி மாறிவிடும். டெபியன், உபுண்டு வைத்திருப்பவர்கள் 'டிபிகேஜி-டைவர்ட் --ரீநேம் --ஆட்' கட்டளையில் அதே பாதையைக் கொடுத்தால் மூலக் கோப்பு '.டிஸ்ட்ரிப்' என்ற வாலோடு ஒதுங்கிவிடும். அதன் நகலை பழைய பெயரில் வைத்துத் திருத்திக்கொள்ளலாம்.

பக்கவாட்டில் 'நெட்வொர்க்' வழியாகத் தேடுவது மட்டும்தான் இதனால் போகும். முகவரிப் பட்டையில் 'எஸ்எம்பி' (விண்டோஸ் வகை நெட்வொர்க் பகிர்வு) முகவரியை நேராகத் தட்டினால் எப்போதும்போலத் திறக்கும்.

கேள்வி: எல்லா கான்ஃபிக்கையும் அழிச்சிட்டா சரியாயிடும்னு சொல்றாங்களே சார், செய்யலாமா? லினக்ஸ் மின்ட், நீமோ ஃபைல் மேனேஜர். தாமதம் சில நாள் 10 வினாடி, சில நாள் 40.

பதில்: வேண்டாம். அழித்தால் பிரச்சினை போனாலும் எதனால் போனது என்று தெரியாது, போகாவிட்டால் அமைப்புகளும் நஷ்டம். அதற்கு முன் செய்ய மூன்று சோதனைகள் உண்டு. எதைச் செய்யும் முன்னும் 'நீமோ -க்யூ' கொடுத்து, பின்னணியில் ஓடுவதை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் புதுச் சாளரம் பழைய புராசஸிலேயே திறந்து, சரியாகிவிட்டதுபோலத் தோன்றும்.

முதல் சோதனை, புதிதாக ஒரு பயனர் கணக்கு உருவாக்கி அதில் லாகின் செய்து திறப்பது. அங்கே வேகமாகத் திறந்தால் குறை உங்கள் ஹோமில். அங்கேயும் தாமதம் என்றால் சிஸ்டத்தில்.

இரண்டாவது, 'ஜிஐஓ_யூஸ்_விஎஃப்எஸ்=லோக்கல்' என்று நீமோவுக்கு முன்னால் போட்டுத் திறப்பது; சமக்குறிக்கு முன் உள்ளதெல்லாம் பெரிய எழுத்து. இது ஜிவிஎஃப்எஸ்-ஐயே சுற்றிக்கொண்டு போய்விடும். இதில் சட்டென்று திறந்தால் நெட்வொர்க், ஆன்லைன் கணக்கு, இவற்றில் ஒன்றுதான். கூகுள் டிரைவ் இணைத்து அதன் அனுமதி காலாவதியாகியிருந்தால் உங்களுடையதைப் போல நாளுக்கு நாள் மாறுகிற தாமதம் வரும். ஆன்லைன் அக்கவுன்ட்ஸில் போய் 'ஃபைல்ஸ்' என்பதை அணைத்துப் பாருங்கள்.

மூன்றாவது எஸ்ட்ரேஸ், அதாவது ஒரு நிரல் கெர்னலிடம் (இயங்குதளத்தின் மையம்) செய்யும் ஒவ்வொரு அழைப்பையும் பதிவு செய்யும் கருவி. 'எஸ்ட்ரேஸ் -எஃப் -டிடி -எஸ் 256' என்ற தெரிவுகளோடு பெரிய எழுத்து 'டி'யும் சேர்த்து, '-ஓ' மூலம் ஒரு கோப்பில் எழுதச் சொல்லி நீமோவை ஓடவிடுங்கள். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கோண அடைப்புக்குள் அந்த அழைப்புக்கு ஆன வினாடி இருக்கும். பெரும்பாலான வரிகளில் அது 0.0000 என்றுதான் தொடங்கும். 9, 24 என்று பெரிய எண் உள்ள 'போல்' (பதிலுக்குக் காத்திருக்கும் அழைப்பு) வரியைக் கண்டால், அதற்குச் சற்று மேலே வரும் 'சென்ட்எம்எஸ்ஜி' அல்லது 'கனெக்ட்' வரியைப் படியுங்கள். யாரிடம் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறது என்று பெரும்பாலும் அங்கே பெயரோடு எழுதியிருக்கும். துணை இழைகளில் (த்ரெட்) வரும் நீண்ட 'போல்' வரிகள் சாதாரணம், அவற்றை விட்டுவிட்டு முதன்மை இழையின் 'போல்' வரிகளை மட்டும் பாருங்கள். மூன்று சோதனைகளில் எனக்கு அதிகம் நம்பிக்கை இதில்தான். ஊகத்துக்கு இடமே இல்லை.

கேள்வி: டெபியனில் என்ஏஎஸ்-ஐ (நெட்வொர்க்கில் உள்ள சேமிப்புப் பெட்டி) எஃப்ஸ்டேபில் (மவுன்ட் செய்ய வேண்டியவற்றின் பட்டியல்) போட்டு வைத்திருக்கிறேன், என்எஃப்எஸ் பகிர்வு முறையில். அலுவலகத்துக்கு லேப்டாப்பை எடுத்துப்போனால் ஃபைல் மேனேஜர் திறப்பதே இல்லை. டெர்மினலில் 'டிஎஃப்' (டிஸ்க் இடம் காட்டும் கட்டளை) அடித்தாலும் உறைந்துவிடுகிறது. கில் கொடுத்தாலும் சாகவில்லை.

பதில்: 'டிஎஃப்' உறைவதே போதுமான சாட்சி. என்எஃப்எஸ் இயல்பாக 'ஹார்டு' மவுன்ட். சர்வர் பதில் சொல்லும் வரை கெர்னல் விடாமல் காத்திருக்கும். அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிற ஃபைல் மேனேஜரும் கூடவே மாட்டிக்கொள்ளும். 'பிஎஸ்' பட்டியலில் நிலைப் பத்தியில் 'டி' என்று இருக்கும்.

இப்போதைக்கு 'யூமவுன்ட் -எஃப் -எல்' கொடுத்துக் கழற்றுங்கள். பிறகு எஃப்ஸ்டேபில் அந்த வரியின் தெரிவுகளை இப்படி மாற்றுங்கள்: நோஃபெயில், _நெட்டெவ், எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுன்ட், எக்ஸ்-சிஸ்டம்டி.மவுன்ட்-டைம்அவுட்=10, எக்ஸ்-சிஸ்டம்டி.ஐடில்-டைம்அவுட்=60. நடுவில் இடைவெளி இல்லாமல் கமாவால் மட்டும் பிரிக்க வேண்டும். சேமித்ததும் 'சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்', பிறகு ஒரு ரீபூட். இனி அந்த ஃபோல்டரைத் தொடும்போதுதான் இணைப்பு முயற்சி நடக்கும், சர்வர் இல்லாவிட்டால் 10 வினாடியில் கைவிடும், 60 வினாடி யாரும் தொடாவிட்டால் தானே கழன்றுகொள்ளும்.

அந்த 10 வினாடியும் பக்கப்பட்டியால் வரக்கூடாது என்றால் மவுன்ட் இடத்தை ஹோமுக்குள்ளோ மீடியாவிலோ வைக்காமல் 'எம்என்டி'யில் வைத்து, 'எக்ஸ்-ஜிவிஎஃப்எஸ்-ஹைடு' என்பதையும் சேருங்கள். 'சாஃப்ட்' என்று மாற்றினாலும் உறைவது நிற்கும், ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது நெட்வொர்க் போனால் கோப்பு பாதியில் கெட்டுவிடலாம். குடும்பப் படங்கள் இருக்கும் என்ஏஎஸ்-க்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கேள்வி: ஃபெடோரா 41, இன்டெல் கிராஃபிக்ஸோடு என்விடியாவும் உள்ள லேப்டாப். ஃபைல்ஸ் மட்டுமல்ல, டெக்ஸ்ட் எடிட்டரும் திறக்க 3, 4 வினாடி ஆகிறது. ஃபயர்ஃபாக்ஸ் வேகமாகத்தான் இருக்கிறது.

பதில்: ஃபெடோரா 41-இல் வருவது ஜிடிகே 4.16. அந்தப் பதிப்பிலிருந்து வேலேண்ட் திரை அமைப்பில் வரையும் வேலை இயல்பாக வல்கனுக்கு (கிராஃபிக்ஸ் சிப்பைக் கொண்டு வரையும் முறை) போனது. வல்கன் தொடங்கும்போது கணினியில் உள்ள எல்லா கிராஃபிக்ஸ் சிப்களையும் எண்ணிப் பார்க்கும். மின்சாரம் சேமிக்கத் தூங்கிக்கொண்டிருக்கும் என்விடியாவையும் தட்டி எழுப்பும். அந்த விழிப்புக்கான நேரம்தான் உங்கள் 3, 4 வினாடி. 'நாட்டிலஸ் -க்யூ' கொடுத்துவிட்டு, 'ஜிஎஸ்கே_ரெண்டரர்=என்ஜிஎல் நாட்டிலஸ்' என்று திறந்து பாருங்கள், சமக்குறி வரை பெரிய எழுத்து. தாமதம் மறைந்தால் அதே வரியை, 'நாட்டிலஸ்' என்ற சொல் இல்லாமல், ஹோமில் '.கான்ஃபிக்/என்விரான்மென்ட்.டி' ஃபோல்டருக்குள் '.கான்ஃப்' என்று முடியும் கோப்பில் எழுதி, லாகவுட் செய்து உள்ளே வாருங்கள்.

கேள்வி: பத்திரிகை வடிவமைப்பு வேலை. தமிழ் எழுத்துருக்கள் பல நூறு போட்டிருக்கிறேன். அப்கிரேடுக்குப் பிறகு துனார், ஜிம்ப், லிப்ரேஆபிஸ் எல்லாமே ஒவ்வொரு தடவையும் தாமதம். சிபியு அந்த நேரம் முழுக்க ஓடுகிறது.

பதில்: சிபியு ஓடுகிறது என்று சொன்னது நல்ல தடயம். இது காத்திருப்பு இல்லை, உண்மையாகவே வேலை நடக்கிறது. 'டைம் எஃப்சி-லிஸ்ட்' என்று இரண்டு தடவை ஓடவிடுங்கள். இரண்டாவது தடவை ஒரு வினாடிக்குள் முடிய வேண்டும். முடியவில்லை என்றால், நிரல்களுக்கு எழுத்துருக்களைத் தேடித்தரும் ஃபான்ட்கான்ஃபிக் தன் கேஷை (படித்ததைச் சேமிக்கும் இடம்) எழுத முடியாமல், ஒவ்வொரு நிரல் திறக்கும்போதும் அத்தனை எழுத்துருக்களையும் புதிதாகப் படிக்கிறது.

ஹோமில் '.கேஷ்/ஃபான்ட்கான்ஃபிக்' ஃபோல்டர் யார் பெயரில் இருக்கிறது என்று 'எல்எஸ் -எல்டி' கொடுத்துப் பாருங்கள். பழைய ஹோமை ரூட்டாக நகலெடுத்திருந்தால் அது ரூட் பெயரில் இருக்கும். அப்கிரேடுக்கு முன் பழைய கேஷைப் படிக்க மட்டும் முடிந்தாலே போதுமாக இருந்தது. ஃபான்ட்கான்ஃபிக் பதிப்பு மாறி கேஷின் வடிவமும் மாறினால், புதிதாக எழுத அனுமதி வேண்டும். 'சூடோ சௌன் -ஆர்' மூலம் உங்கள் பெயருக்கு மாற்றிவிட்டு, சூடோ இல்லாமல் 'எஃப்சி-கேஷ் -எஃப் -வி' ஒருமுறை. எழுத்துரு எதையும் நீக்க வேண்டியதில்லை.

கேள்வி: பிளாஸ்மா 6 டெஸ்க்டாப், டால்ஃபின் ஃபைல் மேனேஜர். நெட் இல்லாதபோது மட்டும் தாமதம்.

பதில்: டால்ஃபின் அமைப்புகளில் தொடக்கத்தில் எதைக் காட்டுவது என்ற இடத்தைப் பாருங்கள். கடைசியாகத் திறந்திருந்த டேப்களை மீட்பது என்று இருந்தால், மூடும்போது சம்பா (நெட்வொர்க் பகிர்வு) ஃபோல்டர் ஒன்று டேபில் இருந்திருக்கும். ஹோம் ஃபோல்டருக்கு மாற்றுங்கள்.

கேள்வி: விர்ச்சுவல் மெஷினில் ஓடும் எக்ஸ்எஃப்சிஇ. கெர்னல் லாகில் 'எஃப்டி0' என்று ஐ/ஓ எர்ரர் வரிசையாக வருகிறது. அதற்கும் துனார் தாமதத்துக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. எஃப்டி0 என்பது இல்லாத ஃபிளாப்பி டிரைவ். டிரைவ்களைக் கவனிக்கும் யூடிஸ்க்ஸ் சேவை அதைப் படிக்க முயன்று தோற்கும்வரை டிரைவ் பட்டியல் முழுமையாகாது. மெஷினை அணைத்து, அதன் அமைப்பில் ஃபிளாப்பி கன்ட்ரோலரையே நீக்குங்கள். அது முடியாத இடத்தில் 'மோட்ப்ரோப்.டி' ஃபோல்டரில் 'பிளாக்லிஸ்ட் ஃபிளாப்பி' என்று ஒரு வரிக் கோப்பு போட்டு இனிட்ராம்எஃப்எஸ்-ஐ (பூட் தொடக்கத்தில் ஏறும் கோப்பு) புதுப்பித்து ரீபூட் செய்யுங்கள்.

கேள்வி: அண்ணா, டெஸ்க்டாப்பில் எஸ்எஸ்டி தவிர 4 டிபி ஹார்டு டிஸ்க் ஒன்றும் இருக்கிறது. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து திறந்தால்தான் 8 வினாடி. உள்ளே 'கிர்ர்' என்று சத்தமும் வருகிறது.

பதில்: அந்தச் சத்தம் டிஸ்க் சுழலத் தொடங்கும் சத்தம். ஃபைல் மேனேஜர் திறக்கும்போது எல்லா டிஸ்க்கையும் விசாரிக்கும், தூங்கும் டிஸ்க் எழும்வரை நிற்கும். 'எச்டிபார்ம் -பி' (பெரிய எழுத்து 'பி') கொடுத்து டிஸ்க் பெயரைச் சேர்த்தால் இப்போதைய மின்சேமிப்பு அளவு தெரியும். 127-உம் அதற்குக் கீழும் என்றால் டிஸ்க் தானே நிற்க அனுமதி உண்டு, 128-லிருந்து 254 வரை இல்லை. அளவு 128-லிருந்து 254-க்குள் இருந்தும் டிஸ்க் நின்றால், எச்டிபார்ம்.கான்ஃப் கோப்பில் 'ஸ்பின்டவுன்_டைம்' வரி இருக்கிறதா என்று பாருங்கள். பேக்கப்புக்கு மட்டும் பயன்படும் டிஸ்க் என்றால் அதை ஓடவே விட வேண்டாம். எஃப்ஸ்டேபில் 'நோஆட்டோ' போட்டு, தேவைப்படும்போது மட்டும் மவுன்ட் செய்யுங்கள்.