கால்சியம் ஏன் நிற்க மாட்டேன் என்கிறது? பவள டேங்க் (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) கேள்விகள்

கால்சியம் எவ்வளவு ஊற்றினாலும் 360 பிபிஎம்மை (லிட்டருக்கு மில்லிகிராம்) தாண்டவில்லை, அல்கலினிட்டியும் (தண்ணீரின் கார்பனேட் அளவு) இறங்குகிறது. என்ன செய்ய?

முதலில் ஊற்றுவதை நிறுத்திவிட்டு மக்னீசியத்தைப் பாருங்கள். கடல்நீரில் அது 1,300 பிபிஎம்மை ஒட்டி இருக்கும். தண்ணீரில் கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து கல்லாகப் படியத்தான் பார்க்கும். உருவாகும் படிகத்தின் மேல் போய் ஒட்டிக்கொண்டு அதை வளரவிடாமல் வைத்திருப்பது மக்னீசியம். அது 1,100-க்குப் போய்விட்டால் நீங்கள் ஊற்றுவதில் ஒரு பகுதி பவளத்துக்குப் போகாமல் ஹீட்டர் மேல் படியும். ஹீட்டரை அணைத்து, ஆறவிட்டு எடுத்து நகத்தால் சுரண்டிப் பாருங்கள், வெள்ளைப் பொருக்கு வரும், வினிகர் விட்டால் நுரைக்கும். நூறு லிட்டரில் 100 பிபிஎம் ஏற்ற மக்னீசியம் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட் சுமார் 83 கிராம் வேண்டும், இரண்டு மூன்று நாளில் பிரித்து ஊற்றுங்கள். அப்புறம் கால்சியம்.

கால்சியம் 385, மக்னீசியம் 1,190. இரண்டையும் டோஸ் செய்யலாமா?

வேண்டாம், உப்பைப் பாருங்கள். இரண்டும் ஒரே விகிதத்தில் குறைந்திருக்கிறதே! உங்கள் தண்ணீர் 35-க்குப் பதில் 32 பிபிடியில் (கிலோ தண்ணீரில் இத்தனை கிராம் உப்பு) இருந்தால் இதே எண்கள்தான் வரும். உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 பிபிடி கரைசல் வைத்துச் சரிபார்த்துவிட்டு, உப்பை மெதுவாக ஏற்றினால் போதும்.

வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றலாமா?

ரசாயனப்படி அதுவும் கால்சியம் ஹைட்ராக்சைடுதான், ஆனால் கடைச் சுண்ணாம்பில் கூட என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? உணவுத் தரப் பொடி வாங்குங்கள். லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் ஒன்றரை கிராம் சொச்சம்தான் கரையும், அடியில் தங்குவதை விட்டுவிட்டு தெளிந்ததை மட்டும் எடுங்கள். பிஹெச் 12-க்கு மேல், அதனால் ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக, சொட்டுச் சொட்டாக, முடிந்தால் இரவில். ஒரே மூச்சில் கவிழ்த்தால் டேங்க் பால்போல வெளுத்துவிடும்.

தினமும் மூன்றையும் சோதிக்க வேண்டுமா?

அல்கலினிட்டி மட்டும் போதும். பவளம் எலும்பு கட்டும்போது 1 டிகேஹெச் (அல்கலினிட்டியின் அலகு) குறைந்தால் கால்சியம் 7 பிபிஎம் அளவுக்குத்தான் குறையும், அதைச் சாதாரண டெஸ்ட் கிட்டில் பிடிக்கவே முடியாது. கால்சியம் வாரம் ஒருமுறை, மக்னீசியம் மாதம் ஒருமுறை.

கடற்கரையில் கிடக்கும் பவளத் துண்டுகளைப் போட்டால் கால்சியம் தானாக வருமா?

வராது. பிஹெச் 8.2-இல் அது கரையாது. அதோடு இந்தியாவில் கல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது, செத்த துண்டானாலும் பொறுக்காதீர்கள்.