மகனை அமர வைத்த மாத்திரை, அண்ணன் மகனை ஏன் ஆட்டி வைத்தது?

கேள்வி: என் மகனுக்கு 10 வயது. ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகையான துறுதுறுப்பும்) என்று சொல்லி, மருத்துவர் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலையில் கொடுக்கிறோம், வகுப்பில் அமர்ந்து எழுதுகிறான். பொறியியல் படிக்கும் என் அண்ணன் மகன் தேர்வுக்காக அதே டப்பாவிலிருந்து இரவில் மூன்று மாத்திரைகளை விழுங்கிவிட்டான். விடியும்வரை தூங்காமல் நடந்துகொண்டே இருந்தான்; நெஞ்சு படபடத்தது. ஒரே மாத்திரை எப்படி இரண்டு விதமாக வேலை செய்யும்? என் மகனும் இதற்கு அடிமையாகிவிடுவானா?
— ஒரு தாய், குலசேகரம்

பதில்: சகோதரி, முதலில் அண்ணன் மகன். படபடப்பு அடங்கியதா என்று நீங்கள் எழுதவில்லை. நெஞ்சுவலி, மயக்கம், தாறுமாறான பேச்சு ஏதாவது இருந்தால் உடனே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அடங்கியிருந்தாலும் ரத்த அழுத்தமும் இ.சி.ஜி.யும் ஒருமுறை பார்த்துவிடட்டும்.

"துறுதுறுப் பிள்ளைகளை இந்த மருந்து அடக்கும், மற்றவர்களைக் கிளப்பிவிடும்" என்று சொல்பவர்கள் உண்டு. மருத்துவர்கள் சிலரே சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரியல்ல. 1978இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், எந்தக் குறையும் இல்லாத சிறுவர்களுக்கு இதே வகையைச் சேர்ந்த டெக்ஸ்ட்ரோஆம்ஃபெடமினை ஒரு வேளை கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கும் ஓட்டம் குறைந்து, கவனம் கூடியது. ஆகவே உங்கள் வீட்டில் நடந்ததற்கு ஆளைவிட அளவும் நேரமும்தான் காரணம்.

டோபமைன், நார்அட்ரினலின் ஆகியவை நரம்பு செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் பொருட்கள். வெளியே விட்ட அவற்றை நரம்பு செல் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் வழியை இந்த மருந்து அடைக்கிறது. வெளியே தங்கிவிட்ட அவை அடுத்த செல்லின் ஏற்பிகளில், அதாவது செய்தியை வாங்கும் புரதங்களில், ஒட்டுகின்றன. இதற்குப் பிறகு நடப்பதுதான் முக்கியம். அந்தச் செல்லுக்குள் அடினைல் சைக்ளேஸ் என்ற நொதி, சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற தூதுப்பொருளை உண்டாக்குகிறது. அது புரோட்டீன் கைனேஸ் ஏ என்ற இன்னொரு நொதியைத் தட்டி எழுப்புகிறது; இந்த நொதி மற்ற புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டி அவற்றின் வேலையை மாற்றும். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியில், நார்அட்ரினலின் மிதமாக இருந்தால் சைக்ளிக் ஏ.எம்.பி. கட்டுக்குள் இருக்கும், கவனம் நிலைக்கும். மருந்து மிஞ்சினால் டோபமைனின் டி1 ஏற்பி வழியாக சைக்ளிக் ஏ.எம்.பி. எகிறிவிடும். நரம்புகளின் கூட்டுவேலை குலைந்துபோகும். ரப்பர் பாலில் ஆசிட் அளவாகச் சேர்ந்தால் நல்ல ஷீட் கிடைக்கும், கூடினால் கல்லாக இறுகும் என்பது உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததே.

ஓட்டமும் பரபரப்பும் மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டம் பகுதியைச் சேர்ந்தவை. அமெரிக்க நரம்பியல் அறிஞர் பால் கிரீன்கார்டின் குழு கண்டறிந்த டார்ப்-32 என்ற புரதம் அங்கே நிறைய உண்டு. 2000இல் அவர் நோபல் பரிசு பெற்றவர். கைனேஸ் ஒட்டிய பாஸ்பேட்டைக் கழற்றும் நொதியை அந்தப் புரதம் தடுத்துவைப்பதால், டோபமைனின் செய்தி நீடிக்கிறது. அந்தப் புரதம் இல்லாமல் வளர்க்கப்பட்ட சுண்டெலிகள் கொக்கெய்னுக்கும் ஆம்ஃபெடமினுக்கும் மட்டுப்பட்டே துள்ளின.

அடிமைத்தனம் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. இவை போன்ற தூண்டுமருந்தைத் திரும்பத் திரும்ப ஊசியில் செலுத்தினால், அதே அளவுக்கே எலி நாளுக்கு நாள் கூடுதலாக ஓடும். ஈ.ஆர்.கே. என்ற நொதியை முன்கூட்டியே தடுத்துவிட்டால் அந்த ஏற்றம் உருவாவதில்லை. ஆனால் எலிக்குப் போட்ட ஊசியும் உங்கள் மகன் விழுங்கும் மாத்திரையும் ஒன்றல்ல. வாய்வழி மருந்தில் மூளையின் டோபமைன் மெதுவாகவே ஏறுகிறது; போதை பெரும்பாலும் வேகத்தைச் சார்ந்தது. மருத்துவர் சொன்ன அளவில் கொடுக்கும் வரை நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. அண்ணன் மகன் செய்ததைப் பழக்கமாக்கினால் கதை வேறு. அவனுக்குத் தேர்வு பயம் அதிகமென்றால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் பேசட்டும்.

டப்பாவைப் பூட்டி வையுங்கள். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப் பட்டியலில் உள்ள மருந்து இது. மகனுக்கு மாலையில் கடுங்காப்பி, கட்டன் சாயா வேண்டாம். பசி குறையக்கூடும் என்பதால் மாத்திரைக்கு முன்பே காலை உணவை முடித்துவிடுங்கள். குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தால், அதை அடுத்த முறை மருத்துவரிடம் சொல்லுங்கள். எடை, உயரம், நாடித்துடிப்பையும் அன்றே பார்க்கச் சொல்லுங்கள்.