உடும்பும் சாண வண்டும்

வணக்கம் ஐயா. போன வாரம் ஏற்காடு அடிவாரத்தில் ஒரு உடும்பு பாறை இடுக்கில் புகுந்துகொண்டது. இரண்டு பேர் வாலைப் பிடித்து இழுத்தும் அசையவில்லை. இதைவிடப் பலசாலி உண்டா என்றேன். ஏழாவது படிக்கும் என் மகன், தன் எடையைப் போல 1141 மடங்கு இழுக்கும் சாண வண்டுதான் பலசாலி என்கிறான். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள அம்மா,

பையன் சொன்ன எண் சரிதான், 2010-ல் வெளிவந்த ஆய்வு அது. ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள ஆண் வண்டின் முதுகோட்டில் நூலை ஒட்டி, கப்பி வழியாகக் குட்டி வாளி ஒன்றைத் தொங்கவிட்டு, அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டே போனார்கள், வண்டு வளையை விட்டு வெளியே வரும் வரைக்கும். ஆக, அது எதையும் இழுத்துக்கொண்டு போகவில்லை, பிடித்துக்கொண்டு நின்றது. சாணத்துக்கு அடியில் வளைக்குள் இருக்கும் பெட்டைக்காக இன்னொரு ஆணோடு கொம்பு முட்டித் தள்ளுகிற பிராணி, பிடி தளர்ந்தால் அதற்கு வாரிசு இல்லை.

நீங்கள் பார்த்த உடும்பு செய்ததும் இதே வேலைதான். நகத்தைப் பாறையில் ஊன்றி, மூச்சை இழுத்து உடம்பை உப்ப வைத்து, இடுக்கில் ஆப்பு மாதிரி இறுகிக்கொள்ளும்.

ஆனால் எடைக்கு எத்தனை மடங்கு என்று கேட்டாலே சின்ன உயிர்தான் ஜெயிக்கும். தசையின் பலம் அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது, எடையோ கன அளவைப் பொறுத்தது. அந்த வண்டை அப்படியே 100 மடங்கு பெரிதாக்கி ஒரு மீட்டர் ஆக்கினால் பலம் 10,000 மடங்கு கூடும், எடை 10 லட்சம் மடங்கு கூடிவிடும், 1141 சரிந்து 11 ஆகிவிடும். அதுவும் பிழைத்திருந்தால்தான். வண்டுக்கு நுரையீரல் கிடையாது, பக்கவாட்டுத் துளைகளில் தொடங்கும் மெல்லிய குழாய்கள் வழியாகத்தான் மூச்சு. அவ்வளவு பெரிய உடம்புக்குள் அது போய்ச் சேராது. சரி, எடைக் கணக்கில் பையன், மொத்த பலத்தில் நீங்கள்.

என் மனசை உறுத்துவது வாலைப் பிடித்து இழுத்த அந்த இரண்டு பேர்தான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் உடும்பு, பிடிப்பதே குற்றம். அந்தப் பலம் தமக்கும் வரும் என்று நம்பி அதைக் கறிக்கும் எண்ணெய்க்கும் அடிக்கிறார்கள், ஒரு பலமும் வராது. அது தின்பதில் பெரும்பங்கு வண்டும் பூச்சியும்தான், தோட்டக்காரர்கள் விரட்டவே கூடாது. அடுத்த முறை பார்த்தால் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள், ஆள் நகர்ந்ததும் தானே வெளியே வரும். வீட்டுக்குள் புகுந்துவிட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள், வாலைத் தொட வேண்டாம்.